எரித்தும் அழியாத படங்கள்

1943ஆம் ஆண்டு. வங்காளத்தில் பெரும் பஞ்சம். சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள்.

மழை பொய்த்ததால் வந்த பஞ்சம் அல்ல இது. அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பர்மாவை ஜப்பான் பிடித்தது. அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. எதிரியின் கையில் சிக்கக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு ஆற்றுப் படகுகளைப் பறித்தது. வியாபாரிகள் நெல்லைப் பதுக்கினார்கள். விலை ஏறிக்கொண்டே போனது. கூலிக்காரர்களால் ஒரு படி அரிசி வாங்க முடியவில்லை.

மேதினிப்பூர் மாவட்டத்தில் 1942இல் புயலும் அடித்திருந்தது. 1943 நவம்பரில் அந்த மாவட்டத்துக்கு ஓர் இளைஞர் போனார். வயது 28. பெயர் சித்தபிரசாத். சாதியைக் காட்டும் பட்டத்தைத் தம் பெயரோடு அவர் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஊர் ஊராகப் போனார். எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். பல படங்களில் அந்த ஆளின் பெயரையும் ஊரையும் எழுதிவைத்தார். அரசாங்கக் கணக்கில் செத்தவர்கள் வெறும் எண்கள். இவர் படத்திலோ அவர்கள் பெயருள்ள மனிதர்கள்.

இந்தப் படங்களும் அவர் கண்டவையும் ‘பசித்த வங்காளம்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலப் புத்தகமாக வந்தன. அரசு சும்மா இருக்குமா? சுமார் 5,000 பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்துவிட்டது.

பின்னர் சித்தபிரசாத் பம்பாயில் அந்தேரியில் வாழ்ந்தார். வண்ண ஓவியங்களும் தீட்டினார். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை அச்சுப் படங்களே.

அச்சுப் படம் என்றால் என்ன? கைநாட்டு வைப்பதை நினைத்துப் பாருங்கள். பெருவிரலில் மை தடவுகிறோம். ரேகையின் மேடு மட்டும் தாளில் பதிகிறது. பள்ளம் பதிவதில்லை. இதுவும் அப்படித்தான். தரையில் விரிக்கும் லினோலியம் என்ற விரிப்பில் ஒரு துண்டை எடுத்துக்கொள்வார்கள். வெள்ளையாக வர வேண்டிய இடத்தைச் சிறு உளியால் செதுக்கி எடுப்பார்கள். மேட்டில் மை உருட்டித் தாளை வைத்து அழுத்துவார்கள். படம் இடம் வலம் மாறி விழும். ஆகவே எழுத்து வேண்டுமானால் திருப்பித்தான் செதுக்க வேண்டும். கை தவறி வெட்டினால் போச்சு, ஒட்ட வைக்க முடியாது.

இவ்வளவு பாடு எதற்கு? வண்ண ஓவியம் ஒரே ஒரு வீட்டுச் சுவரில்தான் தொங்கும். பெரும்பாலும் அது பணக்காரர் வீடாக இருக்கும். செதுக்கிய ஒரு துண்டிலிருந்தோ பல படங்கள் எடுக்கலாம். செலவும் குறைவு. ஏழை வீட்டுக்கும் படம் போகும்.

1950களின் தொடக்கத்தில் அவர் குழந்தைகளைப் பற்றி ஒரு படவரிசை செதுக்கினார். விளையாட வேண்டிய வயதில் வேலை செய்யும் பிள்ளைகள். கதை சொல்லித் தூங்க வைக்க ஆள் இல்லாத பிள்ளைகள். 1969இல் டென்மார்க் நாட்டில் யுனிசெப் குழு இதைப் புத்தகமாக வெளியிட்டது. இந்தப் பிள்ளைகளுக்காகத்தானோ என்னவோ, அவர் பொம்மலாட்டமும் நடத்தினார்.

சித்தபிரசாத் 1978இல் காலமானார். பணம் சேர்க்கவில்லை.

எரித்த புத்தகம் என்ன ஆனது? ஒரு பிரதி மட்டும் தப்பியிருந்தது. அவருடைய குடும்பத்தார் அதை வங்கிப் பெட்டகத்தில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 2011இல் டெல்லியில் உள்ள ஓர் ஓவியக் கூடம் அதை அப்படியே மறுபடி அச்சிட்டது. மேதினிப்பூர்க்காரர்களின் முகங்களை இன்று அதில் பார்க்கலாம்.