பிட்காயினுக்குத் தலை எண்ணுவது எப்படி?

இருட்டுகிற நேரத்தில் ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று கீழே பார்த்தால், சேலம் முழுக்க விளக்கு. புதுமாப்பிள்ளை 'ஆஹா!' என்பார். பி.காம். படித்தவன் எண்ண ஆரம்பிப்பான். 'இத்தனை விளக்கு, ஆகவே இத்தனை வீடு' என்று கோடு போட்டு டோட்டலும் போட்டுவிடுவான்.

டோட்டல் உதைக்கும்! ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிற வீடு கணக்கில் வராது. கல்யாண மண்டபத்து சீரியல் பல்பு நூறு வீடாகப் பதிவாகும். நடுவில் மஞ்சு இறங்கிவிட்டால் ஒரு பேட்டையே காணாமல் போகும்.

பிட்காயின் வலையை எண்ணுகிறவர்கள் படும் பாடும் இதேதான்.

"உலகம் பூரா பரவியிருக்கு சார்... லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்! யாராலயும் நிறுத்த முடியாது. ஒரு அம்பதாயிரம் போடுங்க" என்று ஆபீஸ் கேன்டீனில் யாராவது உங்களை மடக்கியிருக்கலாம். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். ஆனால் அந்த 'லட்சம்' எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாமா?

2009 ஜனவரியில் பிறந்த பிட்காயினுக்கு ஹெட் ஆபீஸ் கிடையாது. கணக்குப் புத்தகத்தைப் பதிவு பதிவாகச் சரிபார்க்கிற கம்ப்யூட்டர்கள்தான் கிளைகள். அவற்றுக்கு 'நோடு' என்று பெயர். முழுப் புத்தகம் 600 ஜிபிக்கும் மேலே! யார் யார் கிளை வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ரிஜிஸ்டர் கிடையாது. எண்ண வேண்டுமானால் வீடு வீடாகக் கதவைத் தட்ட வேண்டியதுதான்.

ஒரு நோடைத் தட்டி, "உனக்குத் தெரிஞ்ச அட்ரஸ் கொடுப்பா" என்று கேட்டால், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1,000 முகவரி தரும். அந்த ஆயிரத்தையும் தட்ட வேண்டும். அவை தருகிற முகவரிகளையும் தட்ட வேண்டும். அடி யோ என்பவர் 2013-ல் தொடங்கிய 'பிட்நோட்ஸ்' இதையே வேலையாகச் செய்கிறது. கிடைக்கிற முகவரிகளில் பல, வீடு காலி செய்து போனவை. கதவைத் திறந்தவர்கள் மட்டும்தான் கணக்கு. சமீப ஆண்டுகளில் அந்தக் கணக்கு பத்தாயிரத்துக்கு மேலே, லட்சத்துக்கு வெகு கீழே!

மிச்சம் பேர்? கதவைச் சாத்தியிருக்கிறார்கள். சாதாரண வீட்டு பிராட்பேண்டில் ஓடும் நோடு, தானாக வெளியே போய்ப் பத்து நோடுகளோடு பேசும். வெளியாள் தட்டினால் பெரும்பாலும் மோடம் விடாது.

இவர்களை எண்ண மீன் பிடிக்கிறவன் வழி ஒன்று உண்டு. ஏற்காடு ஏரியில் 100 மீன் பிடித்து, அடையாளம் போட்டு விட்டுவிடுங்கள். மறுபடி 100 பிடியுங்கள். அதில் 10 மீனுக்கு அடையாளம் இருந்தால், ஏரியில் சுமார் 1,000 மீன். அதேபோல நாமே ஒரு நோடைத் திறந்து வைத்து, யார் யார் வந்து போகிறார்கள் என்று இரண்டு தடவை குறித்துக்கொண்டு ஒப்பிடலாம். சிக்கல் என்னவென்றால், மோடத்தை அணைத்துப் போட்டால் பல வீடுகளின் முகவரியே மாறிவிடும். பழைய மீன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரும்! ஆகவே, 'லட்சம்' என்று யார் சொன்னாலும் அது மதிப்பீடு. கையால் எண்ணிய ஸ்டாக் கிடையாது.

எந்த ஊரில் எத்தனை என்பது இன்னும் வேடிக்கை. இன்டர்நெட் முகவரியை வைத்து நாடு சொல்கிறார்கள். அமெரிக்காவும் ஜெர்மனியும் முன்வரிசையில் நிற்கும். ஜெர்மனியில் மலிவான வாடகை கம்ப்யூட்டர்கள் ஏராளம். ஏற்காட்டு எஸ்டேட்டில் உட்கார்ந்து ஒருவர் அங்கே ஒன்றை வாடகைக்கு எடுத்தால், கொடி பறப்பது ஜெர்மனியில்! அவரே வீட்டில் நோடு வைத்தால், பட்டியலில் சேலம் என்றோ சென்னை என்றோ வரலாம். போதாததற்கு, எண்ணப்படும் நோடுகளில் பாதிக்கு மேல் 'டோர்' என்கிற மறைப்புக்குள் இருக்கின்றன. லேடீஸ் சீட் மஞ்சு மாதிரி. விளக்கு எரிவது தெரிகிறது, எந்த ஊர் என்று தெரியாது. நாடுவாரி சதவிகிதம் எல்லாம் மீதிப் பேருக்குத்தான்.

அப்படியானால் எதற்கு இந்த எண்ணிக்கை? ஒரே நாட்டிலோ ஒரே வாடகைக் கம்பெனியிலோ நோடுகள் குவிந்திருந்தால், அங்கே ஃபியூஸ் போகும்போது எத்தனை விளக்கு அணையும் என்று பார்க்க. அதற்கு உதவும். விலை ஏறுமா என்று பார்க்க உதவாது. மொபைல் ஆப்பில் பிட்காயின் வாங்கியவர்களில் பெரும்பாலோர் நோடு வைத்திருப்பதில்லை. ஒரே ஆள் பத்து நோடு வைத்திருக்கவும் தடையில்லை.

மதிப்பீட்டுக்கே இடமில்லாத கணக்கு ஒன்றும் உண்டு. 2022 ஏப்ரலில் நம் அரசு கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவிகித வரி போட்டது. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயின் லாபத்தில் கழிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் விற்கும்போது 1 சதவிகித டி.டி.எஸ். வந்தது.

எனவே, அடுத்த முறை கேன்டீனில் 'லட்சம் கம்ப்யூட்டர்' காதில் விழுந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். திறந்த கதவா, மூடிய கதவா? கம்ப்யூட்டரா, ஆளா? எந்தத் தேதிக் கணக்கு?

பதில் வரவில்லையா? காபிக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.