சேமிப்புச் சாதன இயக்கிகளில் நிரல்மாற்ற மறுஆய்வு: லினக்ஸ் 4.19 தரவுச் சிதைவை முன்வைத்து

இயங்குதளத்தின் பிற பகுதிகளில் நேரும் பிழைகள் பெரும்பாலும் கணினியை நிறுத்தும். மறுதொடக்கத்தில் நிலைமை சீராகும். சேமிப்புச் சாதன இயக்கியின் பிழை அத்தகையதன்று. வட்டில் தவறாக எழுதப்பட்டது அவ்வாறே நிலைத்துவிடும். ஆகவே இப்பகுதியின் நிரல்மாற்றங்கள் கூடுதல் கவனத்துடன் மறுஆய்வு செய்யப்படுகின்றன. எனினும் அவ்வாய்வையும் கடந்து பிழை நுழைவதுண்டு என்பதற்கு 2018 அக்டோபரில் வெளிவந்த லினக்ஸ் 4.19 சான்றாகும்.

அப்பதிப்பைப் பயன்படுத்திய சிலரின் கோப்புமுறைமைகள் காரணமின்றிச் சிதைந்தன. முதற்கண் ஐயம் எக்ஸ்ட்4 கோப்புமுறைமையின் மீதே எழுந்தது. பழுது வெளிப்பட்ட இடம் அதுவாதலின் அவ்வையம் இயல்பானதே. உண்மைக் காரணமோ அதற்குக் கீழுள்ள தொகுதி அடுக்கில் இருந்தது.

வட்டுக்குச் செல்லும் கோரிக்கைகளைத் தொகுதி அடுக்கு வரிசைப்படுத்துகிறது. அடுத்தடுத்த இடங்களுக்குரியவற்றை ஒன்றாக இணைக்கிறது. சாதனம் ஓய்வாக இருப்பின், வரிசையில் நிறுத்தாமல் கோரிக்கையை நேரடியாக இயக்கியிடம் ஒப்படைக்கலாம் என்பதே புதிய மாற்றம். விரைவுக்கு அது நன்று. ஆனால் இயக்கி 'இப்போது இடமில்லை' என்று திருப்பி அனுப்பினால் என்னாகும்?

சவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசலில் சாமை மூட்டைகளை லாரியில் ஏற்றுவதாகக் கொள்வோம். பத்து மூட்டைக்குச் சீட்டு எழுதியாயிற்று. லாரியில் இடமில்லாமையால் மூட்டைகள் கிடங்கிற்குத் திரும்புகின்றன. அங்கே ஒருவர் மேலும் ஐந்தைச் சேர்க்கிறார், சீட்டை மாற்றவில்லை. அடுத்த லாரி சீட்டின்படி பத்தையே ஏற்றிச் செல்கிறது; கிடங்குக் கணக்கிலோ பதினைந்தும் போய்ச் சேர்ந்ததாகப் பதிவாகிறது. 4.19இல் நேர்ந்தது இதுவே. ஸ்கசி அடுக்கு, கோரிக்கைக்குரிய நினைவக முகவரிப் பட்டியலை முன்னரே ஆயத்தம் செய்துவிட்டது. திரும்பி வந்த கோரிக்கையுடன் வேறொன்று இணைந்தபோது பழைய பட்டியல் பொருந்தாமற்போயிற்று. பழைய பகுதி மட்டுமே படிக்கவோ எழுதவோ பட்டது.

இங்கு மறுஆய்வாளரின் இடர்ப்பாடு நோக்கத்தக்கது. மாற்றப்பட்ட வரிகளை மட்டும் படித்தால் குறை தென்படாது. 'திரும்பிய கோரிக்கை தொடப்படாதது' என்ற எடுகோள் தொகுதி அடுக்கில் உள்ளது. அதனைப் பொய்யாக்கும் செயல் ஸ்கசி அடுக்கில் உள்ளது. இரண்டையும் ஒருசேர வாசிப்பவரே முரணைக் காண இயலும். சோதனையும் எளிதில் உதவாது. திட்டமிடுநிரல் இல்லாத அமைப்பு, சாதனம் நிரம்பியிருக்கும் கணம், உடனடி இணைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்க்க வேண்டும். எனவே வெற்றிப் பாதையைவிடத் தோல்விப் பாதையை முதலில் வாசிப்பதே இத்தகைய மாற்றங்களுக்கு ஏற்ற முறை என்பது என் கருத்து.

தொகுதி அடுக்கின் பராமரிப்பாளர் ஜென்ஸ் ஆக்ஸ்போ 2018 டிசம்பரில் திருத்தத்தை அளித்தார். இயக்கியிடம் ஒருமுறை சென்று திரும்பிய கோரிக்கை பிறிதொன்றுடன் இணைவதை அது தடுத்தது. 4.19.8 பதிப்பில் அத்திருத்தம் இடம்பெற்றது. அதற்குமுன் சிதைந்த கோப்புகளை அத்திருத்தத்தால் மீட்க இயலவில்லை. காப்புப்படி வைத்திருந்தோர் அதிலிருந்தே அவற்றைப் பெற வேண்டியிருந்தது.