மறைக்காமல் சொன்னால் குழந்தைக்குப் பாதுகாப்பு



நம் குழு உறுப்பினர் ஒருவரின் நான்கு வயது மகனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். துணைக்கு நானும் போயிருந்தேன். பிள்ளை பசியில் அழுததால் காலையில் இரண்டு பிஸ்கட் கொடுத்திருக்கிறார். நர்ஸ் கேட்டபோது "ஒண்ணும் தரலைங்க" என்று சொல்லிவிட்டார். என்னிடம் மட்டும், "திட்டுவாங்களோன்னு பயமா இருக்கு மேடம்" என்றார். உடனே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வைத்தேன். அவர் திட்டவில்லை. ஆபரேஷனை மதியத்துக்குத் தள்ளி வைத்தார்.

ஏன் தெரியுமா? மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ள உணவு மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். அது உயிருக்கே ஆபத்து.

தவறைச் சொல்லப் பயப்படுவது நாம் மட்டுமல்ல, மருத்துவமனைகளும்தான். இந்தப் பயத்தைப் போக்க அமெரிக்காவில் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர்களின் சங்கம் 2008 வாக்கில் ஒரு கூட்டமைப்பை உருவாக்கியது. பெயர் 'வேக் அப் சேஃப்'. 'பத்திரமாகக் கண்விழி' என்று பொருள்.

இதில் சேர்ந்த மருத்துவமனைகள் தங்களிடம் நடந்த பெரிய தவறுகளைப் பதிவு செய்கின்றன. யார், எந்த மருத்துவமனை என்பது வெளியே தெரியாது. அந்தச் சிகிச்சையில் சம்பந்தப்படாத டாக்டர்கள் காரணத்தை ஆராய்கிறார்கள். மருந்து மாறிப்போனால் "இனிமே கவனமா இரு" என்று சொல்லி விடுவதில்லை. ஒரே மாதிரி ஊசிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தனவா, பெயர் ஒட்டவில்லையா என்று பார்க்கிறார்கள். பிறகு ஒரு சின்ன மாற்றத்தைச் சில நாள் செய்து பார்த்து, பலனைக் கணக்கெடுத்து, நன்றாக இருந்தால் எல்லோருக்கும் கொண்டு வருகிறார்கள். இந்த முறையை டாக்டர்களுக்குப் பயிற்சியாகவும் கற்றுத் தருகிறார்கள்.

நம் குழுவிலும் இதுதானே? தவணை தவறியவரைத் திட்டினால் அடுத்த கூட்டத்துக்கே வரமாட்டார். காரணம் கேட்டால்தான் வழி பிறக்கும்.

உங்கள் பிள்ளைக்கு ஆபரேஷன் என்றால்:

1. கடைசியாக என்ன, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். பொதுவாகச் சாப்பாடு 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் சொல்லும் நேரமே கணக்கு.

2. சளி, காய்ச்சல், இழுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

3. அன்றே எடை போடச் சொல்லுங்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது.

4. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அந்தப் பையன் மாலையில் கண்விழித்து முதலில் கேட்டது பிஸ்கட்தான்! அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுங்கள்.