நற்கொலஸ்திரோலும் நாடிகளின் விறைப்பும்

பழைய மாணவராகிய நம்மிற் பலர் ஐம்பதைக் கடந்தவர்கள். குருதிப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் தேடுவது கொலஸ்திரோலின் அளவையே. ‘நல்லது’ எனப்படும் பகுதி உயர்ந்திருப்பின் மனம் ஆறுதலடைகிறது. அவ்வாறுதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் உரியதன்று.

கொலஸ்திரோல் நீரிற் கரையாது. புரதத்தோடு இணைந்த நுண்துணிக்கைகளில் ஏறியே குருதியிற் செல்கிறது. அவற்றுள் அடர்த்தி மிக்கவை நாடிச் சுவரிலுள்ள மிகையான கொலஸ்திரோலை ஈரலுக்கு மீட்டுச் செல்லவல்லன. அவை சுமப்பதே நற்கொலஸ்திரோல். அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 1948ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு, இது குறைந்தோரிடம் இதயநோய் மிகுதல் கண்டு 1977இல் வெளியிட்டது.

நாடியின் விறைப்பு வேறொன்று. இதயம் சுருங்குந்தோறும் இளம் பெருநாடி விரிந்து மீண்டு அமுக்கத்தைத் தணிக்கிறது. வயது ஏற, மீள்நார்கள் சிதைந்து சுவர் இறுகுகிறது. இறுகிய குழாயில் துடிப்பலை விரைந்தோடும். கழுத்து நாடிக்கும் தொடை நாடிக்கும் இடையே அவ்வேகம் செக்கனுக்கு 10 மீற்றரை விஞ்சின் விறைப்பு மிகுதி எனக் கொள்வர். (நாடி பிடித்துப் பார்த்த நம் பரியாரியாரும் இதில் ஒரு கூற்றை விரல்நுனியில் உணர்ந்தார் போலும்!)

பெண்ணின் நற்கொலஸ்திரோல் பொதுவாக ஆணினதிலும் டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் கூடுதல். ஆகவே குறைவென்று கொள்ளும் எல்லை ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50. 45 என்னும் ஒரே எண் கணவனுக்குப் போதியது, மனைவிக்குப் போதாதது. ஈஸ்திரசன் பெண்ணின் நாடிகளை நெகிழ்வாகவும் வைத்திருக்கிறது. மாதவிடாய் நின்றபின் அக்காப்பு நீங்க, அவை விரைந்து இறுகுகின்றன. அப்பருவத்தில் துணிக்கைகளின் அமைப்பும் மாறுகிறது. எனவே எண் உயர்ந்தேயிருந்தும் காவல் தளர்ந்துவிடலாம். நடுவயதுப் பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வுகள் சில இதனையே உணர்த்துகின்றன.

எண்ணை மட்டும் உயர்த்திப் பயனில்லை என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. நற்கொலஸ்திரோலைப் பெரிதும் உயர்த்திய தொர்செற்றிரபிப் என்னும் மருந்தின் பரிசோதனை, இறப்புகள் கூடியமையால் 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது.

ஆதலின், அறுபது வயதுப் பெண்ணின் அறிக்கையில் 65 என்று கண்டு, அவர் கூறும் நெஞ்சு நோவை வாயுவென்று ஒதுக்குதல் ஆபத்தானது; உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். விறைப்பின் அடையாளத்தையோ வீட்டிலுள்ள குருதியமுக்கமானியே காட்டும்: மேலெண் ஏறும், கீழெண் இறங்கும், இரண்டிற்கும் இடைவெளி ஆண்டுதோறும் அகலும்.