கந்தோர்க் கடிதமும் ஒரு நல்ல நூலும்

இலக்கியம் பேசும் நேரத்தில் கந்தோர்க் கடிதம் எழுதுவது பற்றிய நூல்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கதைக்கும் கவிதைக்கும் வேண்டிய சொல்லுணர்வு கடிதத்துக்கும் வேண்டும் என்று நம்புகிறவன் நான். அதனை எனக்கு உணர்த்தியது என் பிழையொன்று.

1970களின் இறுதியில் அரச கந்தோர் ஒன்றில் இலிகிதராக இருந்தேன். கணவரை இழந்த ஓர் அம்மா ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருந்தார். விவாக அத்தாட்சிப் பத்திரத்தை அவர் இணைக்கவில்லை. பழைய கோவையிலிருந்த ஆங்கிலக் கடிதமொன்றைப் பார்த்துத் தமிழாக்கி, "உரிய ஆவணங்கள் கிடைக்கப்பெற்றதும் மேலதிக நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதி அனுப்பினேன். இலக்கணப் பிழையில்லை என்ற திருப்தி வேறு!

நான்கு மாதங்களின் பின் அவரே நேரில் வந்தார். "தம்பி, நீங்கள் எடுப்பியள் எண்டெல்லோ நான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். எந்த ஆவணம், யார் அனுப்ப வேண்டும், யாருக்குக் கிடைக்க வேண்டும் என்ற மூன்றுமே என் வாக்கியத்தில் இல்லை. அந்த நான்கு மாதமும் அவர் கையில் ஒரு சதமும் போய்ச் சேரவில்லை.

இதன் பின்னரே சேர் ஏர்னஸ்ட் கவர்ஸ் எழுதிய 'த கொம்ப்ளீட் ப்ளெய்ன் வேர்ட்ஸ்' என்ற நூலைத் தேடி வாசித்தேன். கவர்ஸ் பேராசிரியர் அல்லர். பிரித்தானிய அரச சேவையில் உயர் பதவிகள் வகித்தவர். இறைவரித் திணைக்களச் சபையின் தலைவராகவும் இருந்தவர். அரச ஊழியர்களின் எழுத்தைச் சீராக்கவென அந்நாட்டுத் திறைசேரி கேட்டுக்கொண்டதன் பேரில் 1948இல் ஒரு சிறு நூலையும், 1951இல் இன்னொன்றையும் எழுதினார். இரண்டும் இணைந்து 1954இல் இந்த நூலாயின.

மிகையான சொல்லைத் தவிர், பழகிய சொல்லைத் தெரிவுசெய், துல்லியமான சொல்லைப் பயன்படுத்து என்பவை அவர் வகுக்கும் நெறிகள். இவற்றை வேறு பலரும் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது கடிதங்கள் பற்றிய அதிகாரம். எழுதியவர் என்ன கேட்கிறார் என்பதை முதலில் விளங்கிக்கொள். அவருடைய இடத்தில் உன்னை வைத்துப் பார். சட்டத்தை விளக்கிச் சுற்றி வராமல் கேள்விக்கான பதிலோடு தொடங்கு என்கிறார். நல்ல சிறுகதையாசிரியனுக்கும் இதைத்தானே சொல்வோம்?

ஆங்கிலத்தில் அவர் கண்ட நோய் நம் தமிழுக்கும் தொற்றியிருக்கிறது. 'பட்டது', 'பெற்றது' என்று முடியும் நமது கந்தோர் வாக்கியங்களில் ஆளே இருப்பதில்லை.

பேச்சு பற்றியும் நூல்கள் உண்டு. டேல் கார்னகியின் 1936ஆம் ஆண்டு நூல் உலகப் பிரசித்தம். பிறரிடம் மெய்யான அக்கறை காட்டு என்ற அதன் புத்திமதி நல்லதே. ஆயினும் விற்பனைக்காரனின் வாடை அடிக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மொழியியலாளர் டெபோரா டனன் 1994இல் வெளியிட்ட 'டோக்கிங் ஃப்றம் நைன் டு ஃபைவ்' இதனிலும் ஆழமானது. வேலைத்தலத்தில் ஒருவர் "மன்னிக்க வேண்டும்" என்றால் அது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது, வெறும் பரிவாகவும் இருக்கலாம். மேலதிகாரி அதைப் பலவீனம் என்று எடுத்துக்கொள்வதும் உண்டு என்று, அமெரிக்கக் கந்தோர்களில் கேட்ட உரையாடல்களைக் கொண்டு விளக்குகிறார். பெண் ஊழியர்கள் இதனால் அடையும் நட்டத்தையும் காட்டுகிறார்.

கவர்ஸின் நூலை அவரது கொள்ளுப்பேத்தி ரெபேக்கா கவர்ஸ் திருத்தி, 2014இல் புதிய பதிப்பாக வெளியிட்டார். எந்தப் பதிப்பு கிடைத்தாலும் கடிதங்கள் பற்றிய அதிகாரத்தை முதலில் வாசியுங்கள்.

அந்த அம்மாவுக்கு வேறொரு கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை. பத்திரத்தை அவர் சேலைத் தலைப்பில் முடிந்தே கொண்டுவந்திருந்தார்.