சாளரப் பூக்கள்

வீட்டிற்குக் கண் போன்றது சாளரம். ஒளியும் காற்றும் அதன் வழியே உள்ளே வருகின்றன. அதனை அழகு செய்தல் பல நாட்டாரிடமும் காணப்படும் பழக்கமாகும். அவருள் சீன நாட்டார் கையாளும் முறை மிக எளியது. நம் வகுப்பறைக்கும் ஏற்றது.

வட சீனத்துச் சிற்றூர்களில் கண்ணாடி பரவுவதற்கு முன், சாளரத்தின் மரச்சட்டங்களில் வெண்தாளை ஒட்டுவது வழக்கம். புத்தாண்டு நெருங்கியதும் பழைய தாளை நீக்கிப் புதிய தாளை ஒட்டுவர். அதன்மீது செந்தாளில் வெட்டிய உருவங்களைப் பதிப்பர். அவற்றிற்குச் 'சாளரப் பூ' என்று பெயர். தாய்மார் வெட்டுவதைப் பார்த்தே பெண்மக்கள் இக்கலையைக் கற்றனர். அவ்வுருவங்களுள் மீன் சிறப்புடையது. சீன மொழியில் மீனையும் மிகுதியையும் குறிக்கும் சொற்கள் ஒரே ஒலியுடையன. ஆதலின் மீன் குறைவற்ற வாழ்வின் அடையாளமாயிற்று. 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் சீனத்துத் தாள்வெட்டுக் கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது.

மாணவர்களே! உங்கள் பள்ளியின் இளஞ்சிறாரோடு அமர்ந்து நீங்களும் ஒரு பூவைச் செய்து பாருங்கள். மெல்லிய வண்ணத்தாள், கத்தரிக்கோல், பசை, நூல் ஆகியன போதும். பக்கம் 20 செ.மீ. உள்ள சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம் கிடைக்கும். அதன் நீண்ட பக்கத்தின் நடுப்புள்ளியே பூவின் மையம். அங்குள்ள கோணம் 180 பாகை. கோணமானியால் அதனை 60 பாகை கொண்ட மூன்று பகுதிகளாகப் பிரித்து, இடப்பகுதியையும் வலப்பகுதியையும் நடுப்பகுதியின்மேல் மடியுங்கள். பின்னும் ஒருமுறை நடுவே மடித்தால் கோணம் 30 பாகையாகும். தாள் 12 அடுக்காகும். மேலே நீண்டு நிற்கும் முனைகளை வெட்டிச் சமன் செய்யுங்கள்.

மடிப்பின் ஓரத்தில் பாதி இலையை வெட்டினால், விரிக்கும்போது முழு இலை தோன்றும். ஓரம் முழுவதையும் வெட்டிவிடலாகாது. வெட்டினால் பூ துண்டு துண்டாகச் சிதறும். சிறுவர்க்கு முனை மழுங்கிய கத்தரிக்கோலே தருதல் வேண்டும்.

முதன்முதல் வெட்டும் சிறுவன், பிழை நேர்ந்துவிடுமோ என்று அஞ்சித் தயங்குவான். அவனுக்கு அச்சம் வேண்டா. கை தவறி விழுந்த வெட்டும் 12 இடங்களில் ஒழுங்காக அமைந்து, விரித்தபின் கோலமாகவே காட்சி தரும். தான் கெடுத்துவிட்டதாக எண்ணிய தாள் பூவாக மலர்வதைக் காணும்போது அவன் முகமும் மலரும். அடுத்த தாளை அவன் தானே கேட்டு வாங்குவான்.

நம் பள்ளிகள் பலவற்றின் சாளரங்களில் இரும்புக் கம்பிகளே உண்டு. அவற்றில் பூக்களை நூலாற் கட்டித் தொங்கவிடலாம். கண்ணாடி இருப்பின் பசையால் ஒட்டலாம். எதுவாயினும் சாளரத்தின் மேற்பகுதியில் மட்டும் அமைத்தல் நன்று. சாளரம் முழுவதையும் மறைத்தால், இருண்ட மூலையில் அமர்ந்திருப்பவன் நூலைப் படிக்க இயலாமல் இடர்ப்படுவான். பிறர்க்குரிய ஒளியை மறைக்கும் அழகு அழகாகாது அன்றோ?