அரிப்பு: சிப்பிக் கணக்கும் காட்டு எல்லையும்

இலங்கையின் வடமேற்குக் கரையில், அருவி ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இருக்கிறது அரிப்பு. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 20 வருடம் கைதியாக இருந்து தப்பிய றொபேட் நொக்ஸ், 1679இல் இந்த ஆற்றங்கரை வழியாகக் காடு கடந்து வந்து, இங்கிருந்த ஒல்லாந்தர் கோட்டையில்தான் அடைக்கலம் புகுந்தார்.

அன்று இந்தக் கரைக்கு முத்துக்குளிப்பே வாழ்வு. கடல் அடங்கும் மாசி, பங்குனியில் வெறும் மணலில் ஒரு பட்டணமே எழும்பும். தூத்துக்குடி, கீழக்கரை, அரபு நாட்டுக் குளியாட்கள் கயிற்றில் கட்டிய கல்லில் காலூன்றி மூச்சடக்கி இறங்குவார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டிக்கும் அரசாங்கமே கூலி கொடுத்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. இந்தக் குளிப்பை மேற்பார்க்கப் பிரித்தானிய ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகைதான் டொரிக். ஊரார் அதை அல்லிராணி கோட்டை என்கிறார்கள்.

1905இல் தெற்கே மறிச்சுக்கட்டியில் முகாமிட்டு 8 கோடிக்கு மேல் சிப்பி அள்ளினார்கள். அந்த இலாபத்தைப் பார்த்து, 1906இல் ஒரு பிரித்தானியக் கம்பனி சிப்பி விளையும் கடலடிப் பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. சில வருடங்களிலேயே சிப்பி அற்றுப்போக, கம்பனி கலைந்தது. 1925க்குப் பிறகு பெரிய குளிப்பு நடக்கவில்லை.

இன்று டொரிக்கின் செம்மண் மேட்டைக் கடல் அறுத்துக்கொண்டிருக்கிறது. வள்ளங்கள் மீனுக்கும் நண்டுக்கும் போகின்றன. வடக்கே வங்காலை 2008இல் பறவைச் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பூநாரைகள் அங்கே இறங்குகின்றன. கடற்புல் மேயும் ஆவுளியாவைக் கொல்வது சட்டப்படி குற்றம். அந்தப் புல்லையும் சேர்த்து வாரும் இழுவைமடிக்கு 2017இல் தடை வந்தது.

கரையில் கதை வேறு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது இந்தக் கரையின் முசலிப் பிரதேசக் கிராமங்களும் வெறிச்சோடின. 2009க்குப் பின் திரும்பியவர்கள் வளவுகளில் மரம் வளர்ந்து நிற்கக் கண்டார்கள். 2017இல் மறிச்சுக்கட்டியையும் உள்ளடக்கி மாவில்லு பேணற்காடு அறிவிக்கப்பட்டது. சொந்தக் காணியைத் துப்புரவாக்கியவர்களுக்கே காடழிப்போர் என்ற பெயர் கிடைத்தது.

அன்று சிப்பியை எண்ணியவர்கள் கடலின் ஓய்வை எண்ணவில்லை. இன்று காட்டை அளப்பவர்கள் குடியிருந்தவர்களை அளக்கவில்லை. காடும் ஆவுளியாவும் காக்கப்படவே வேண்டும். ஆனால் எல்லைக் கல்லை நடுமுன், காணி உறுதி வைத்திருப்பவரையும் வலை வைத்திருப்பவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.